பால் செரிக்கிறவர்கள்

“…ஒரு தம்ளர் பாலைக் குடிக்க வக்கில்ல, ஒனக்குப் பாடு எதுக்குணா? குடு இப்டி” என்று கையை நீட்டினான் என் தம்பி சேகர்.

இடம் எங்கள் குப்பத்து அம்மன் கோயில் வாசல். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையில் விளிம்பு வரை பால். அதைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் மனசு வராமல் நான் ஏன் நின்றேன் என்பதற்குப் பின்னால் ஒரு நோயும், ஒரு ஆஸ்பத்திரியும், நிறைய வயிற்றெரிச்சலும் இருக்கின்றன. வயிறு ஊதி, போக்கு நிற்காமல், காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். படித்த படிப்பு கம்மி. ஆனால் யார் எதைச் சொன்னாலும் எனக்கு மறக்காது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. மீனும் இறாலும் வருகிற இடங்களை முறை போட்டு, குடும்பத்துக்கு ஒன்றாகப் பங்கு பிரித்துக்கொள்கிறோம். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. எங்கள் குப்பத்தில் வருஷத்துக்கு ஒரு காலை நாட்டார் கோயில் வாசலில் நின்று பேர்களைப் படிப்பார். நாட்டார் என்பவர் ஊர்த்தலைவர். பேர் படிக்கப்பட்டவன் அம்மனுக்கு ஊற்றிய பாலில் ஒரு தம்ளர் வாங்கி, அங்கேயே நின்று முழுக்கக் குடிக்க வேண்டும். குடித்தால் பாடு அவனுடையது. குடிக்காமல் வைத்தால் வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அவனுக்குப் பதில் வீட்டில் இன்னொருத்தன் குடித்தால் பாடு அந்த ஆள் பேருக்குப் போய்விடும். போனால் திரும்பி வராது.

எங்கள் நைனா காலமான பிறகு பாடு என் பேரில் வந்தது. சேகர் என் படகில் வருகிறவன். வருகிற மீனில் இருவருக்கும் சரிபாதி. ஆனாலும் ஏரியில் எதிரே வருகிற படகுக்காரன் “இது யார் பாடு?” என்று கேட்டால் “ராஜவேலு பாடு” என்றுதான் பதில் வரும். என்னிடம் வீடு என்று சொல்ல ஒரு தகரக் கூரை, ஒரு படகு, அப்புறம் அந்தப் பேர். மூன்றில் எது போனாலும் தாங்குவேன், பேரைத் தவிர.

நோய் வந்தது மழை ஓய்ந்த சமயத்தில். முகத்துவாரம் திறந்து இறால் உள்ளே ஏறுகிற காலம். படகில் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துபோனதால் ஒரு திட்டில் ஊற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தோம். நானும் குடித்தேன், சேகரும் குடித்தான். எனக்கு ஒரு வாரத்துக்குள் வயிற்றில் இரைச்சல், பிறகு போக்கு. அவனுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. என் பொறாமைக்கு ஆரம்பம் அந்தத் திட்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி தனம் முதல் வேலையாகக் கவுச்சியை நிறுத்தினாள். மீன் பிடிக்கிறவர்கள் வீட்டில் உடம்புக்கு எது வந்தாலும் பழி மீன் மேல்தான் விழும். எந்த மீன் எப்போது கெடும், எது சூடு, எது கரப்பான் என்று எங்களுக்கு அத்தனையும் தெரியும் அல்லவா, அதனால் சந்தேகமும் அங்கேதான் போகும். பால் அப்படி இல்லை. எங்கள் குப்பத்தில் மாடு கிடையாது. பால் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கெட்டில் வரும். விருந்தாளிக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், படுத்துக் கிடக்கிறவனுக்கும் மட்டும் காய்ச்சுவோம். அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? மீன் போய் பால் வந்தது. காலையில் பால், மத்தியானம் பால் கஞ்சி, சாயங்காலம் பாலில் நனைத்த பன். “பத்தியம்னா பத்தியமா இருக்கணும்யா. இவ்ளோ நாளு ஏரியவே தின்னுக்கினு இருந்த, கொஞ்சம் வயித்துக்கு ரெஸ்ட் குடு” என்றாள் தனம்.

வயிறு என்ன செய்தது என்றால், பால் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மத்தளம் மாதிரி உப்பும். உள்ளே யாரோ அண்டாவை உருட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிறகு ஓட வேண்டும். ஓடி வந்து துவண்டு படுத்தால் தெம்புக்கு இன்னொரு தம்ளர் பால்.

அந்தப் பாலை வாங்கி வந்தது சேகர். பாடு பார்க்க இப்போது அவன்தான் போனான், நான் வீட்டில் இருக்கிறேனே. திரும்பும்போது ஒரு கையில் குழம்புக்கு மீன், இன்னொரு கையில் எனக்குப் பால் பாக்கெட். அவன் வீடு எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. மடவை மீனைப் புளிக்குழம்பில் போடுகிற வாசனை தகரத்தைத் தாண்டி வரும். நான் பன்னைப் பாலில் முக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். வாசனையைக் கேட்பதாவது என்று சிரிக்காதீர்கள், அவன் முள்ளை உறிஞ்சுகிற சத்தத்தோடு சேர்ந்துதான் அந்த வாசனை வரும்.

“இன்னாணா, எப்டி கீது?” என்று வாயைத் துடைத்துக்கொண்டே வருவான். “இந்த வருசம் எறா சும்மா கொட்டுதுணா. நம்ம பாட்ல இப்டி வந்து எத்தினி வருசம் ஆச்சு.”

நம்ம பாடு என்றான். முன்பெல்லாம் உன் பாடு என்பான். நான் அதைக் கவனித்தேன். படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை, காதுதான் வேலை செய்தது.

பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தச் செலவைப் பற்றி எழுதினால் மறுபடி வயிறு கலங்கும், விட்டுவிடுகிறேன். அங்கே கொடுத்த மாத்திரையில் போக்கு இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் வட்டியோடு வரும். என் இடுப்பு அரைஞாணைத் தனம் முடிச்சுப் போட்டுச் சுருக்கினாள். எங்கள் ஊரில் டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள். சேகர் என்னை ஆட்டோவில் ஏற்றும்போது அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, “ரெண்டு எலும்புக்கூடு அங்க கீது, மூணாவது நம்ம ஆட்டோல வருது” என்றான். ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்திச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கை என் கக்கத்தில் இருந்தபோது அதில் எவ்வளவு சதை இருக்கிறது என்று எடை போட்டுக்கொண்டே சிரித்தேன்.

கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. இலவசம், ஆனால் பொறுமையைக் கொண்டுபோக வேண்டும். வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அங்கே மாதிரி பேச்சு வேறெங்கும் கேட்க முடியாது. ஒரு அம்மா தன் பையிலிருந்த ஸ்கேன் கவரைக் காட்டி, “இதுக்குள்ள என் வயிறு போட்டோ கீது, எனக்கே அடையாளம் தெரியல” என்றாள். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்து, “ஒடம்பு எளைக்குதா? பசி கீதா? பசி இருந்தா பயப்படாத” என்றார். எனக்குப் பசி இருந்தது. அந்த வார்த்தையை அன்றைக்கு முழுக்க மிட்டாய் மாதிரி வாயில் அடக்கி வைத்திருந்தேன். உள்ளே இருந்த பயம் வேறு. குடலில் கட்டி என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் முனுசாமி, ஆரம்பாக்கத்துக்காரர், கடலை பயிரிடுகிறவர். பித்தப்பையில் கல். கல்லை எடுக்க நாள் குறிக்கும்வரை மனுஷன் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அவருக்கு மூன்று மகள்கள். ஒருத்தி போனால் ஒருத்தி வருவாள். பிளாஸ்கில் டீ வரும். அவர் அதை ஊதி ஊதி, கண்ணை மூடிக் குடிப்பார். என்னைப் பார்த்து, “ஒரு வாய் ஊத்தட்டுமா?” என்பார். நான் ஒரு வாய் வாங்குவேன், அப்புறம் ஓடுவேன். அவர் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தம்ளர் குடிப்பார். கல்லு இருக்கிற வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது, கல்லே இல்லாத என் வயிற்றுக்கு என்ன கேடு என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தனம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தாளு டீய இப்டிப் பாக்காதயா, திரிஞ்சிடப் போவுது” என்றாள்.

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு எண்டோஸ்கோப்பி என்று பேர். தொண்டையில் மருந்து அடித்து மரத்துப்போகச் செய்து, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள குழாயை இறக்குவார்கள். வலி இல்லை, ஆனால் தூண்டில் விழுங்கிய கெளுத்தி என்ன பாடுபடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடலின் உள்சுவரில் ஒரு கடுகளவு கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வரும்வரை தனம் என் எதிரில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. எதையாவது மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

முடிவு வந்தது. கட்டி இல்லை. ஜியார்டியா என்று ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாது, கெட்ட தண்ணீரில் வரும், குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும். அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ருசி. கிருமி செத்தது என்றார்கள். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். சேகர் அன்று வந்து, “தெம்பு ஏறணும்ணா” என்று அரை லிட்டர் பாலைக் கேன்டீனில் சுட வைத்து வாங்கி வந்தான். குடித்தேன். மறுபடி அண்டா உருண்டது.

கிருமி செத்த பிறகும் நிற்கவில்லை என்றதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சேகர் போகும்போது கதவுப் பக்கம் நின்று தனத்திடம் சொன்னான்: “அண்ணி, பேர் படிக்கிற நாள் வருது. அதுக்குள்ள அண்ணன் எழுந்துக்குமா? இல்லன்னா நாட்டாராண்ட நானே பேசறேன்.” மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, ஆனால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர். “ராஜவேலு ஐயா, நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார்.

நான் பெருமையாகச் சொன்னேன். “கவுச்சியத் தொடறதே இல்லம்மா. வெறும் பால்தான். காலைல இங்க குடுக்கற பாலு, ரொட்டி. அப்பால வீட்லேர்ந்து பால் கஞ்சி. சாயங்காலம் தம்பி வாங்கியாற பாலு.”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “எத்தனை மாசமா?” என்றார். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. “நாளைக்கு ஒரு ஊதற டெஸ்ட் பண்ணிடலாம்” என்றார்.

அது வேடிக்கையான பரிசோதனை. பாலில் இருக்கிற சர்க்கரையை மட்டும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். போலீஸ்காரர் ராத்திரியில் வண்டியை மடக்கி ஊதச் சொல்வது மாதிரி. முனுசாமி, “இன்னா சரக்கு அடிச்ச?” என்று கேட்டார். ஊத ஊத எந்திரத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. என் வயிறும் கூடவே ஏறியது.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பாலிலுள்ள சர்க்கரை இரண்டு சின்னச் சர்க்கரை சேர்ந்து கட்டினது. குடல் ஒற்றையாக வருவதைத்தான் உள்ளே விடும், ஜோடியை விடாது. இரண்டு படகைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் குறுகலான வாய்க்காலில் போக முடியுமா? கரையில் ஒரு ஆள் நின்று கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அந்த ஆளுக்குப் பேர் நொதி, அவர்கள் என்சைம் என்கிறார்கள். சிறுகுடலின் உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமாம். அந்த விரல் நுனிகளில்தான் இந்த ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு முடிச்சுக்கு ஒரு ஆள். பால் சர்க்கரையை அவிழ்க்கிறவன் பேர் லாக்டேஸ். நாம் டீயில் போடுகிற சர்க்கரையை அவிழ்க்கிறவன் சுக்ரேஸ். இவன் வேலையை அவன் செய்ய மாட்டான். நண்டு வலையில் நெத்திலி நிற்காது என்பது எங்களுக்குத் தெரியாதா.

கிருமி வந்து அந்த விரல்களைச் சிதைத்துவிட்டது. நின்ற ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். லாக்டேஸ்தான் முதலில் போவான், கடைசியில் வருவான். சில பேருக்கு வரவே மாட்டான். அவிழ்க்க ஆளில்லாத பால் சர்க்கரை அப்படியே ஜோடியாகப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற கிருமிகளுக்கு அது விருந்து. அவை தின்று காற்றை விடுகின்றன. வயிறு உப்புவது அதனால்தான். அந்தச் சர்க்கரை தண்ணீரையும் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும். ஓடுவது அதனால்தான். அந்தக் காற்றில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியே வரும். அதைத்தான் பையில் பிடித்தார்கள். வயிற்றில் நடக்கிற திருட்டு வாயில் தெரிந்துவிட்டது.

“அப்ப ஆஸ்பத்திரில குடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணி மட்டும் எப்டிம்மா ஒத்துக்கிச்சு?” என்று தனம் கேட்டாள்.

“அந்தப் பாக்கெட்ல இருக்கிறது குளுக்கோஸ்மா. ஒத்தைச் சர்க்கரை. அவிழ்க்கவே வேண்டாம், நேரா உள்ள போயிடும்” என்றார் டாக்டரம்மா. “இனிமே பாலை நிறுத்துங்க. மீன் குடுங்க. மீன்ல சர்க்கரையே கிடையாது. அவருக்கு இத்தனை நாளா ஒத்துக்கிட்டிருக்க வேண்டியதைத்தான் நீங்க நிறுத்தியிருக்கீங்க.”

தனம் பால் கஞ்சித் தூக்கை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஏரிக்கரையில் பிறந்து, மீனைக் கண்டு ஒதுங்கி, பாக்கெட் பாலில் உயிரைக் கரைத்திருக்கிறோம்.

நான் விடவில்லை. “ஒரே ஆத்தா வயித்துல பொறந்தோம். என் தம்பி சொம்பு சொம்பாக் குடிக்கறானே?”

“பெரியவங்க ஆனதும் நம்மள்ல நிறைய பேருக்கு இந்த என்சைம் குறைஞ்சிடும். சிலருக்கு மட்டும் கடைசிவரை இருக்கும். அவருக்கு இருக்குது. உங்களுக்கு முன்னாடியே கம்மியா இருந்திருக்கலாம், கிருமி வந்து மிச்சத்தையும் எடுத்திடுச்சு.” பிறகு என் சீட்டைப் பார்த்து, “பழவேற்காடா? டச்சுக்காரங்க கல்லறை இருக்கே, வந்திருக்கேன். அந்த டச்சுக்காரங்க நாட்டுல பெரும்பாலானவங்களுக்கு சாகறவரைக்கும் பால் செரிக்கும்” என்றார்.

அன்றைக்கு எனக்கு முனுசாமி மேல், சேகர் மேல் இருந்ததெல்லாம் போதாதென்று, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து எங்கள் ஊரில் செத்துப்போனவர்கள் மேலும் பொறாமை வந்தது. எலும்பாகி மண்ணாகி, கல்லில் பேர் மட்டும் மிச்சம். ஆனால் இருந்தவரைக்கும் குடித்திருக்கிறார்கள், செரித்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா போனதும் நான் தனத்தைக் கூப்பிட்டேன். “தினம் பால் வாங்கியாந்தது யாரு? யோசிச்சுப் பாரு. பேர் படிக்கிற நாளுக்கு நான் எழுந்துக்கக் கூடாதுன்னு எவனுக்கு ஆசை?”

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். “பேசுவய்யா. காலைல ஆஸ்பத்திரிலயும்தான் பாலு ஊத்தனாங்க. அவங்களுக்கும் ஒன் பாடு வேணுமா?”

முனுசாமி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. கல்லு வலி இல்லை, சிரிப்பு.

தனம் அதைச் சேகரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி கையில் கிழங்கான் மீன் கொடுத்தனுப்பினான், பால் பாக்கெட் இல்லை. தனம் பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கெஞ்சி அடுப்பை வாங்கிக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள். காரம் குறைச்சல், புளி குறைச்சல், ஆனால் மீன். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன், அது இறங்கும் முன்பே அடுத்ததை உருட்டினேன். தனம் நான் ஓடுவதற்காகக் கட்டிலின் ஓரத்தில் தயாராக நின்றாள். மத்தியானம் போய், சாயங்காலம் வந்தது. வயிறு சத்தம் போடாமல் கிடந்தது. நோய் வந்த நாளிலிருந்து என் வயிற்றை நான் மறந்தது அந்தச் சாயங்காலம்தான். அப்போது பார்த்து முனுசாமியின் மகள் டீ ஊற்றினாள். மீன் கிடைத்த சந்தோஷம் அதோடு போனது. ஏலக்காய் போட்ட டீ.

வீட்டுக்கு வந்தேன். டீக்கடையில் எல்லாரும் கண்ணாடித் தம்ளரோடு நிற்க, நான் பால் ஊற்றாத வரட்டீயோடு நிற்கிறேன். சர்க்கரையை அவிழ்க்கிறவன் திரும்பி வந்துவிட்டான், அதனால் இனிப்பு உண்டு. பாலை அவிழ்க்கிறவன் வரவில்லை. அந்த நொதியையே மாத்திரையாக விற்கிறார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பொன்னேரி முழுக்கக் கேட்டேன், கிடைக்கவில்லை. “பால் சர்க்கரைக்கு மாத்திரையா? சர்க்கரை வியாதிக்கா?” என்று கேட்டு ஒரு கடைக்காரன் வேறு ஏதோ எடுத்து வைத்தான்.

பேர் படிக்கும் நாள் நெருங்கியது. உடம்பு தேறிவிட்டது, துடுப்புப் போடுகிறேன், கழி ஊன்றுகிறேன். ஆனால் தம்ளர்? தனம் நாட்டார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். “ஒதட்டுல தொட்டுக்கினா போதாதா பெரிப்பா?” என்று கேட்டாளாம். நாட்டார் நல்ல மனுஷர்தான். “ஒருத்தனுக்கு விட்டா அடுத்த வருசம் ஆளுக்கு ஒரு நோவு சொல்வான். அம்மன் பாலு அப்டி இன்னாம்மா பண்ணிடப் போவுது?” என்றாராம். குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் பால் குடித்த கையோடு எல்லாரும் படகெடுத்துப் போய் அவரவர் இடத்தில் முதல் கழி நட வேண்டும், அதுவும் முறை. மார்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். ஊர்ப் படகுகள் சுற்றி நிற்கும். நடுவில் நான் கரைக்கு ஓடினால் அது குடிக்காததைவிடக் கேவலம்.

சேகர் அந்த நாட்களில் என்னோடு படகில் வந்தான், வலை இழுத்தான், வேண்டிய பேச்சு மட்டும் பேசினான். பாலைப் பற்றிப் பேசவே இல்லை. அவனுக்கும் நாட்டாருக்கும் ஏதாவது பேச்சு நடந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் டீக்கடையில் ஆடை மிதக்கிற பாலை வாங்கி, என் பக்கம் பார்க்காமல், கடகடவென்று குடித்துவிட்டுப் போவான். நான் அவன் குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். உள்ளே கூட்டமாக ஆட்கள் நின்று அவிழ்க்கிறார்கள், ஒருத்தனுக்கும் சலிப்பில்லை.

அந்தக் காலை வந்தது. கோயில் வாசலில் அண்டாவில் பால். நாட்டார் ஒவ்வொரு பேராகப் படித்தார். ஒவ்வொருவனும் வந்து வாங்கிக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு படகுக்குப் போனான். அத்தனை பேர் மேலும் ஒரே நேரத்தில் பொறாமைப்பட முடியும் என்பது எனக்கே புதுசு.

“ஏழுமலை மகன் ராஜவேலு” என்றார்.

போனேன். தம்ளரை வாங்கினேன். குனிந்து பார்த்தேன், வெள்ளையாக என்னைப் பார்த்தது. உதடு வரை கொண்டுபோனேன், வாசனை வந்ததும் வயிறு முன்கூட்டியே இழுத்துப் பிடித்தது. கீழே இறக்கினேன். பின்னால் யாரோ இருமினார்கள். “இன்னா ராஜவேலு, வேணாமா?” என்றார் நாட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வேணாம் என்றால் அவ்வளவுதான். தனம் பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “ஆஸ்பத்திரில என்னியச் சந்தேகப்பட்டல்ல, பரவால்ல. இப்போ ஊர் முன்னாடி இப்டி நின்னா எனக்குத்தான் மானம் போவுது. ஒரு தம்ளர் பாலைக் குடிக்க வக்கில்ல, ஒனக்குப் பாடு எதுக்குணா? குடு இப்டி” என்று கையை நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. அவனே பிடுங்கினான். கொஞ்சம் சிந்தி என் விரலில் வழிந்தது. அண்ணாந்து, ஒரே மூச்சில், வழியில் எங்கும் நிற்காமல் குடித்தான். என் பேர் அவன் தொண்டை வழியாக இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பேர் போகிறது என்ற துக்கத்தைவிட, அந்தப் பால் அவனுக்கு எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்ற ஆத்திரம்தான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிசாக இருந்தது.

அவன் காலித் தம்ளரை என் கையில் வைத்து, என் விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டான். மீசையில் பால் நுரையோடு நாட்டாரைப் பார்த்து, “ராஜவேலு குடிச்சாச்சு பெரிப்பா. அடுத்த பேரைப் படி, காத்து மாறுது” என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்கு நிற்காமல், என் படகைத் தண்ணீரில் தள்ளப் போனான்.